பழைய வீடு வாங்குவதும் விற்பதும்: அட்வான்ஸ் தொடங்கி முதல் மழை வரை

தமிழ்நாட்டில் பழைய தனி வீடு வாங்குகிறவர்கள் பலர் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். வீடு பிடித்துப்போகிறது. “இன்னொரு பார்ட்டி வெள்ளிக்கிழமை வர்றாங்க” என்று தரகர் சொல்கிறார். அன்றே ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கைமாறுகிறது. பத்திர நகலைக் கேட்பது அதற்குப் பிறகுதான். நேற்று வரை கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன விற்பவர், பணம் வாங்கிய பிறகு “அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்” என்று முடித்துவிடுவார். அதனால் இங்கே பெரும்பகுதி அட்வான்ஸுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களைப் பற்றியது. ஃபிளாட்டுக்கும் இதில் பாதி பொருந்தும். ஆனால் மனதில் வைத்து எழுதுவது பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன தனி வீட்டை.

முதலில் கணக்கு

வீட்டின் விலை வேறு, உங்களுக்கு ஆகும் செலவு வேறு. முத்திரைத் தீர்வை, மாற்றத் தீர்வை இரண்டும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் பத்திரத்துக்கே போய்விடும். 2023 ஏப்ரலுக்கு முன்பு பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அந்தக் காலத்தில் வாங்கிய சித்தப்பா இன்னும் 11 என்றுதான் சொல்வார். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. பேசிய விலை, அந்தப் பகுதி நிலத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மீதுதான் இந்தக் கட்டணம். கட்டடத்துக்குத் தனி மதிப்பீடு உண்டு.

60 லட்சத்துக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். அதாவது 48 லட்சம். பத்திரச் செலவைப் பொதுவாக அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். எனவே கையிலிருந்து 12 லட்சம், பத்திரத்துக்கு 5.40 லட்சம், அதற்கு மேல் வக்கீல், பத்திர எழுத்தர், வங்கிச் செலவு, தரகு. தரகு 1 சதவீதமா 2 சதவீதமா, இரண்டு பக்கமும் வாங்குவாரா என்பதை முதல் வீட்டைப் பார்க்கப் போகும்போதே பேசிவிடுங்கள். பழைய வீட்டில் பழுது பார்க்கவும் ஒரு தொகை தனியாக வேண்டும். இன்னொன்று: 60 லட்சம் பேசிய வீட்டை வங்கியின் மதிப்பீட்டாளர் 52 லட்சம் என்று எழுதினால், அந்த 52-க்குத்தான் 80 சதவீதம். அப்ரூவல் இல்லாமல் எழுப்பிய மாடியை அவர் கணக்கிலேயே எடுக்காமல் போகலாம்.

வீட்டைப் பார்ப்பது

ஒருமுறை பார்த்தால் போதாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எந்தத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். வார நாள் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் ஸ்பீக்கரும், வண்டி நிறுத்த இடமில்லாத சண்டையும் அப்போதுதான் தெரியும்.

தண்ணீர்தான் முதல் கேள்வி, அதுவும் இரண்டு விதமாக. கோடையில் வருமா, மழையில் உள்ளே வருமா. ஏப்ரல், மே மாதங்களில் போர் எத்தனை அடியிலிருந்து தண்ணீர் கொடுக்கிறது, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்பதை வீட்டுக்காரரைவிட எதிர்வீட்டம்மாவிடம் கேட்பது மேல். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்ப் பரிசோதியுங்கள். குடிநீரில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். செப்டிக் டேங்க் இருந்தால் அது போரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். தெருவில் பாதாளச் சாக்கடை வந்த பிறகும் இணைப்பு வாங்காத வீடுகள் நிறைய.

மழைக்கு, தெரு மட்டத்தைப் பாருங்கள். நம் ஊர்களில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டு, இருபது வருடத்தில் வீட்டு வாசல் பள்ளமாகிவிடுகிறது. வாசற்படி தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கும் செலவையோ வருடா வருடம் மோட்டார் வைத்து இறைக்கும் பாட்டையோ விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சென்னைப் பக்கம் என்றால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் நாலு பேரிடம் கேளுங்கள். வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் யாரும் நாள் கணக்கை மறந்திருக்க மாட்டார்கள். சுற்றுச்சுவரின் உள்பக்கத்தில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருந்தாலும் இருக்கும்.

கட்டடத்தில் கண்ணை முதலில் ஓட்ட வேண்டிய இடம் புதுப் பெயிண்ட். வீடு முழுக்கப் பழையது, ஒரு அறையின் ஒரு சுவர் மட்டும் புதிது என்றால், அங்கே ஓதம் இருந்திருக்கிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குள் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்தால் ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது. பாத்ரூமுக்குப் பின்சுவரில் திட்டுத் திட்டாக இருந்தால் குழாய்க் கசிவு. மேல்மாடிக்குக் கட்டாயம் ஏறுங்கள். தட்டோட்டின் இடுக்குகளில் பாசி, தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு இரண்டும் ஒழுகலின் அடையாளம். கடற்கரை ஓரத்து வீடுகளில் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் பூசி மறைப்பதால் சரியாகாது. கரிசல் மண் பகுதியில் மண் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்புகள் அதனால் வரும். மயிரிழை வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம், நாணயம் நுழைகிற வெடிப்புக்கு ஒரு கட்டடப் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம், பேரத்தில் லட்சமாகத் திரும்பி வரலாம்.

வாஸ்து? உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவருக்கு இருக்கும். தென்மேற்கு மூலையில் கிணறு இருக்கும் வீட்டை விற்பது சிரமம் என்பதை, வாங்கும்போது விலை குறைக்கும் காரணமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

வீடு பிடித்தால் கேட்க வேண்டியது நகல்கள் மட்டுமே. மூலப்பத்திரம் தொடங்கி இன்றைய பத்திரம் வரை தொடர்ச்சியாக, குறைந்தது 30 வருடத்துக்கு. பட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த்துறை ஆவணம்), வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்), கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது, மின் கட்டண ரசீது. கொடுக்கத் தயங்குகிறவரிடம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். விற்பவர் தரும் சான்று அவர் தேர்ந்தெடுத்த சர்வே எண்ணுக்கும் அவர் தேர்ந்தெடுத்த காலத்துக்கும்தான். உட்பிரிவு ஆகும் முன் இருந்த பழைய சர்வே எண்ணிலும் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு மனுப் போட்டு வாங்க வேண்டும். அடமானக் கடன் பதிவு ஒன்று இருந்து, அதற்குப் பிறகு அதைத் தீர்த்த ரசீது ஆவணம் இல்லையென்றால், கடன் அடைந்துவிட்டது என்ற வாய்வார்த்தை போதாது. இன்னொரு பக்கம், வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதால் மட்டும் சொத்து சுத்தமாகிவிடாது. பதியாத உயில், குடும்பத்துக்குள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டது, பதிவுக்கு வராத வழக்கு எதுவும் அதில் வராது.

அசல் பத்திரத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள். “லாக்கரில் இருக்கு” என்றால் லாக்கர் திறக்கும் நாளுக்குக் காத்திருக்கலாம். “தொலைஞ்சுபோச்சு” என்றால், அது எங்கோ வட்டிக்காரர் பீரோவில் இருக்கும் வாய்ப்பையும் நினைக்க வேண்டும். போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் மூன்றும் இல்லாமல் மேலே போக வேண்டாம்.

பட்டாவை வருவாய்த்துறையின் இணையச் சேவையில் சரிபார்க்கலாம். பட்டா வைத்திருப்பதாலேயே ஒருவர் உரிமையாளராகிவிட மாட்டார், உரிமைக்குப் பத்திரத் தொடர்தான் ஆதாரம். ஆனால் பத்திரம் ஒரு பெயரிலும் பட்டா வேறு பெயரிலும் இருந்தால் அது ஏன் என்று கேட்காமல் விடக் கூடாது. சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை எடுத்து, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 2400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்ட், அளந்தால் 2310 என்பது சாதாரணமாக நடப்பது. குறையும் அடிக்கு விலையும் குறைய வேண்டும். பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் “பொதுப் பாதை” என்று எழுதியிருக்கிறதா, அல்லது நீங்கள் நடந்து வந்த சந்து பக்கத்து வீட்டுக்காரரின் தயவா என்பதையும் பாருங்கள். புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம், வக்ஃப், பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கு அரசு ஒதுக்கியது) என்று ஏதாவது வாசனை அடித்தாலே விலகிவிடலாம்.

மனைப்பிரிவுக்கு நகரமைப்பு அனுமதி, அதாவது சென்னைப் பகுதி என்றால் சிஎம்டிஏ, மற்ற ஊர் என்றால் டிடிசிபி அனுமதி உண்டா? பழைய புறநகர் மனைகள் பலவற்றில் இருப்பது பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும்தான். 2016 அக்டோபர் 20-ஆம் தேதியோ அதற்கு முன்போ கிரயம் ஆன அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்த 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அந்த வரன்முறை ஆணையைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் வங்கிக் கடனிலும் பின்னால் வீட்டைக் கூட்டிக் கட்டுவதிலும் முட்டும்.

கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எத்தனை பேர்

தமிழ்நாட்டில் பழைய வீட்டு வழக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில் பிறக்கின்றன, அதனால் சற்று நிதானிப்போம்.

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், மகன் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் மனைவி, மகன்கள், மகள்கள் மட்டுமல்லாமல் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி இருக்கிறாரா, மகனுக்குப் பிறகு காலமானாரா என்று கேட்பதற்குப் பலர் மறந்துவிடுகிறார்கள். முன்னமே இறந்துபோன பிள்ளையின் மனைவியும் குழந்தைகளும்கூடப் பங்குக்காரர்களே. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றையும் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறவர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு, வக்கீலிடம் கேளுங்கள்.

“தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே செஞ்சாச்சு” என்பது சட்டத்தில் ஒரு வரிக்கும் தேறாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தருவதில் தமிழ்நாடு 1989-இலேயே முந்திக்கொண்டது. மத்தியச் சட்டம் 2005-இல் திருத்தப்பட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று உறுதிப்படுத்தியது. எனவே தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்க வேண்டும், அல்லது கிரயப் பத்திரத்தில் அவரும் விற்பவராக நிற்க வேண்டும். வாரிசுகளில் ஒருவர் 18 வயது நிறையாதவர் என்றால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போட அவருக்கு வழி உண்டு.

உரிமையாளர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் பேரில் பவர் ஏஜெண்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவச் சான்று வேண்டும். நான் என்றால் அவரோடு ஒரு வீடியோ காலும் பேசாமல் விடமாட்டேன். வெறும் பவர் பத்திரத்தை வைத்து “வாங்கியதாக” சொல்பவருக்கு உரிமை மாறாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் ஒரு சொந்த வக்கீல் வேண்டும். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. அவர் சரி என்றால் உங்களுக்கும் சரி என்று நினைப்பது மலிவான யோசனை.

அட்வான்ஸும் அக்ரிமெண்டும்

இப்போது பணம் கொடுக்கலாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விற்பவர் தலையில் விழும். வங்கி வழியாகவே கொடுங்கள். “பாதி வெள்ளை, பாதி கறுப்பு” என்பது விற்பவருக்கு லாபம் போலத் தெரியும். வாங்குபவருக்குக் கடன் குறையும், நாளை விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் வரியும் கூடும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். 20 ரூபாய்த் தாளில் எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வது பழைய பழக்கம். பதிந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும், விற்பவர் இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்குவது கடினமாகும். கெடு மூன்று மாதம் என்றால், பத்திரக் குறையால் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வரி அதில் இருக்கட்டும். குடியிருப்பவர் பதிவுக்கு முன் காலி செய்து சாவி தர வேண்டும் என்பதும் இருக்கட்டும். ஃபேன், இன்வெர்ட்டர், மாடுலர் கிச்சன் எதெல்லாம் வீட்டோடு வருகிறது என்று எழுதாததால் கடைசி நாளில் முகம் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதத்தைப் பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் அவருடைய பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. அட்வான்ஸிலும் பிடிக்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பதிவு நாள்

முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் விடும், கூட்டமும் அப்படியே இருக்கும். ஆடியில் பலர் பதியத் தயங்குவதால் விலை பேசவும் அலுவலகத்தில் நிதானமாக உட்காரவும் வசதி. உங்கள் வீட்டில் ஒப்புக்கொண்டால் சரி. முந்தின நாளே வரைவுப் பத்திரத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆதாரில் உள்ளபடி பெயர், சர்வே எண், அளவு, நான்கு எல்லை. ஒரு எண் தப்பினாலும் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விற்பவர் மறுபடி வந்து கையெழுத்திட வேண்டும், அப்போது அவர் எந்த ஊரில் இருப்பாரோ.

விற்கிறவர்களுக்கு

“வீடு விற்பனைக்கு” போர்டு மாட்டும் முன் உங்கள் காகிதங்களை வாங்குபவரின் கண்ணால் பாருங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருந்தால் மாற்றுங்கள், தங்கையின் விடுதலைப் பத்திரத்தை முதலில் வாங்குங்கள். ஃபைல் தயாராக இருக்கும் வீடு, பேரத்தில் சில லட்சம் இறங்காமல் நிற்கும். பெயிண்ட் அடிப்பதைவிட ஒழுகலைச் சரிசெய்வது நல்லது. கடன் பாக்கி இருந்தால் வங்கியிடம் பாக்கித் தொகைக் கடிதம் வாங்கி, வாங்குபவரின் வங்கியே நேராக அடைக்கும்படி ஏற்பாடு செய்யலாம். கடன் முழுவதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி.

அக்ரிமெண்ட் போட்டவர் கெடு தாண்டியும் வராவிட்டால் அந்தப் பதிவு உங்கள் வில்லங்கச் சான்றில் குந்திக்கொண்டிருக்கும். இருவரும் ரத்து ஆவணத்தில் கையெழுத்திட்டால்தான் அடுத்தவருக்குத் தைரியமாக விற்க முடியும். அதனால் அட்வான்ஸ் கைக்கு வருகிறதே என்று யாரோடும் அக்ரிமெண்ட் போட்டுவிடாதீர்கள். கடனுக்குத் தகுதி உள்ளவரா என்று கேட்பதில் தவறில்லை.

வரி: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால லாபம், 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்று கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ இன்னொரு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால், லாபத்துக்கு விலக்கு உண்டு. வீடு கட்டிய ரசீது, மாடி எடுத்த பில் எல்லாம் இங்கே பணம்.

சாவி வந்த பிறகு

பால் காய்ச்சிய வாரமே மூன்று மனு: பட்டா மாற்றம், சொத்துவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம். முழு சர்வே எண்ணும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனால் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடு இருக்கிறது. உட்பிரிவு வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான். தானாக மாறியதா என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. சென்னையில் ஏப்ரல், அக்டோபர் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. வந்த முதல் நாளே பூட்டுகளை மாற்றுங்கள், எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். பழைய வயரிங்கில் புதிய ஏசியை மாட்டுவது ஆபத்து.

மரவேலைக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரு வடகிழக்குப் பருவமழையை அந்த வீட்டில் கழித்த பிறகு வார்ட்ரோப் செய்யலாம். எந்தச் சுவர் ஈரம் இழுக்கிறது என்று தெரியாமல் அடித்த பிளைவுட், அடுத்த தையில் பூஞ்சையோடு வெளியே வரும். செப்டம்பரிலேயே மொட்டைமாடியைப் பெருக்கி, மழைநீர்க் குழாயில் அடைத்த இலைகளை எடுத்து, மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கழுவிப் போடுங்கள். 2003-இல் கட்டாயமாக்கியபோது பேருக்குக் கட்டிய தொட்டிகள் பலவற்றில் குழாய்கூட இணைந்திருக்காது, ஒரு வாளித் தண்ணீரை மாடியில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். சம்ப்பையும் மேல்தொட்டியையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவி, கொசு நுழையாதபடி மூடிவையுங்கள். மழை நின்றதும் சுவரில் ஈரம் வந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுப் போட்டோ எடுத்துவையுங்கள். பிப்ரவரியில் சுவர் காய்ந்த பிறகு கொத்தனார் வந்து “எங்க சார் ஒழுகுது?” என்று கேட்பார்.